ஷெரீப் தேர்தல்: சிறைக்கும் சேர்த்தே ஒரு வாக்கு

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி எனப்படுகிறது. ஏறத்தாழ நம் மாவட்டத்தோடு ஒப்பிடத்தக்க இந்தப் பிரிவுகள் நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன. சென்னையில் ஒரு காலத்தில் பிரமுகர்களுக்கு வழங்கப்பட்ட ஷெரீப் பதவி வெறும் கௌரவப் பதவியாகவே இருந்தது. அமெரிக்கக் கவுண்டியின் ஷெரீப்போ, பெரும்பாலான மாநிலங்களில் கைது செய்யும் அதிகாரமும் ஆயுதப் படையும் கைவசம் உள்ளவர், 46 மாநிலங்களில் மக்களின் நேரடி வாக்கால் பதவிக்கு வருபவர். நகரக் காவல்துறைத் தலைவரை மேயரோ நகர நிர்வாகமோ நியமிக்கவும் நீக்கவும் முடியும் என்றாலும், ஷெரீப்பை அப்படி எளிதில் நீக்கிவிடும் மேலதிகாரி எவரும் இல்லை என்பதால், அவரைக் கட்டுப்படுத்தும் முதன்மையான கருவி வாக்குச்சீட்டாகவே இருக்கிறது.

இந்தத் தேர்தலில் வேட்பாளர்கள் பெரும்பாலும் ரோந்து, போதைப்பொருள் ஒழிப்பு, குற்ற எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். வாக்காளர்களும் அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஆனால், சொந்தக் காவல்துறை உள்ள நகரங்களில் அவசர அழைப்புக்கு ஓடிவருவது நகரப் போலீசாரே. ஷெரீப்பின் ரோந்து பெரும்பாலும் அந்த எல்லைகளுக்கு வெளியில்தான் நடக்கிறது. நகரவாசி, கிராமவாசி என்ற வேறுபாடின்றி எல்லோரையும் தொடும் அவருடைய பொறுப்பு வேறொன்று: பெரும்பாலான கவுண்டிகளில் உள்ளூர்ச் சிறையை நடத்துபவர் அவர்தான். தண்டனை பெற்று நெடுங்காலம் அடைக்கப்படுவோர் மாநிலச் சிறைகளுக்கோ மத்திய அரசின் சிறைகளுக்கோ செல்ல, உள்ளூர்ச் சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். அண்மை ஆண்டுகளில் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் இச்சிறைகளில் 6.5 லட்சம் பேர் அளவில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத ஒரே காரணத்துக்காக உள்ளே இருப்பவர்களும் அவர்களில் ஏராளம். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், நோய் வந்தால் யார் மருந்து கொடுக்கிறார்கள், வீட்டுக்குத் தொலைபேசியில் பேச என்ன கட்டணம் என்பவையெல்லாம் ஷெரீப்பின் நிர்வாகத்தைச் சார்ந்தவை.

இதன் கனத்தை உணர அலபாமா மாநிலத்தின் கதை ஒன்றே போதும். கைதி ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு மாநில அரசு 1.75 டாலர் வழங்கிவந்த அந்த மாநிலத்தில், மிஞ்சும் பணத்தை ஷெரீப்பே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பழைய சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டது. மார்கன் கவுண்டியின் ஷெரீப் கிரெக் பார்ட்லெட், சோளமாவில் தோய்த்துப் பொரித்த மலிவான இறைச்சிக் குச்சிகளை மொத்தமாக வாங்கி, வாரக்கணக்கில் இருவேளையும் அதையே கைதிகளுக்குக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் சுமார் 2.12 லட்சம் டாலர் அவர் பைக்குப் போனது. 2009இல் மத்திய நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவரையே ஓர் இரவு சிறையில் வைத்தார். அதற்குப் பிறகும் வழக்கம் நிற்கவில்லை. எட்டோவா கவுண்டியின் ஷெரீப் டாட் என்ட்ரெக்கின் மூன்று ஆண்டுகளில் உணவுக் கணக்கிலிருந்து 7.5 லட்சம் டாலருக்கு மேல் பெற்றதும், 7.4 லட்சம் டாலர் மதிப்புள்ள கடற்கரை வீடு வாங்கியதும் 2018இல் பத்திரிகையில் வெளியாயின. அவர் அது சட்டப்படியானது என்றே வாதிட்டார். அந்த ஆண்டே, கட்சியின் வேட்பாளரை முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள்; மிச்சப் பணத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழியை மாநிலச் சட்டமன்றம் 2019இல் அடைத்தது. பசித்திருந்த கைதிகளின் பணம் அது என்பதைச் சட்டம் உணர்வதற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

சிறைக்கு வெளியிலும் ஷெரீப்பின் சொந்த முடிவுக்கு இடம் அதிகம். வாடகை வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றும் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவது பெரும்பாலும் அவர் அலுவலகமே; 2008இல் வீட்டுக்கடன் நெருக்கடி முற்றியபோது, வாடகையை ஒழுங்காகக் கட்டியிருந்தும் உரிமையாளரின் கடன் பாக்கியால் குடித்தனக்காரர்கள் தெருவுக்குத் தள்ளப்படுவதைக் கண்ட சிகாகோவின் குக் கவுண்டி ஷெரீப் டாம் டார்ட், அத்தகைய வெளியேற்றங்களைச் சில காலம் நிறுத்திவைத்தார். குடியேற்றக் காவலில் மத்திய அரசோடு கைகோக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா என்பதும் பல மாநிலங்களில் அவர் கையில் உள்ளது. வட கரோலினாவின் மெக்லன்பர்க் கவுண்டியில் 2018இல் இதுவே தேர்தல் பிரச்சினையாகி, வென்ற கேரி மெக்ஃபேடன் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். பிறகு 2024இல் மாநிலச் சட்டமன்றம் ஷெரீப்புகளின் ஒத்துழைப்பைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. ஆகவே ஒரு வாக்குறுதியை நிறைவேற்றும் அதிகாரம் தம் மாநிலத்தில் ஷெரீப்புக்கு உண்டா என்பதையும் வாக்காளர் விசாரித்தறிய வேண்டும்.

பதவியில் இருப்பவரைத் தோற்கடிப்பது மிகக் கடினம். நாட்டிலேயே மிகப் பெரிய ஷெரீப் துறை உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் 2018க்கு முந்தைய நூறு ஆண்டுகளில், பதவியிலிருந்த ஷெரீப் எவரும் தேர்தலில் தோற்றதில்லை. அங்கு ஷெரீப்பாக இருந்த லீ பாக்கா, சிறையில் கைதிகள் தாக்கப்பட்டது குறித்த மத்திய விசாரணைக்குத் தடை ஏற்படுத்தியதற்காக 2017இல் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; ஆனாலும் கடும் முறைகேடு செய்யும் ஷெரீப்பை ஐவர் அடங்கிய மேற்பார்வையாளர் குழுவில் நால்வர் வாக்களித்து நீக்கலாம் என்ற விதி, 2022ஆம் ஆண்டின் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் வந்தது.

எதிர்த்து நிற்க ஆளே இல்லாத கவுண்டிகளும் பல உண்டு. அங்கு வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. ஒரே கட்சி ஓங்கியிருக்கும் இடங்களில் முதற்கட்டத் தேர்தலும், கலிபோர்னியாவில் பாதிக்கு மேல் வாக்குப் பெறுபவர் உண்டெனில் முதல் சுற்றும் முடிவைச் சொல்லிவிடுகின்றன. எனவே தேர்தல் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை: கவுண்டியின் பட்ஜெட் கூட்டம் பொதுமக்கள் பேசக்கூடிய இடமாதலால், கடந்த ஆண்டு சிறையில் எத்தனை பேர் இறந்தார்கள், மருத்துவ ஒப்பந்தம் யாரிடம் உள்ளது, வழக்குகளில் இழப்பீடாக மக்களின் வரிப்பணம் எவ்வளவு போனது என்னும் கேள்விகளை மனு தாக்கல் தொடங்குவதற்கு முன்பே அங்கு எழுப்பலாம்.