கணக்கு வேறு, வட்டி வேறு

வாணிகவியல் மாணவர்க்குரிய பொருளொன்றைத் தமிழ்த்துறை மலரில் எடுத்துரைப்பது பொருந்துமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். பொருந்தும் என்பதே நம் விடை. பொருளுக்கென்று தனிப்பாலே வகுத்த மொழி நம் மொழி. 'முதல்', 'ஊதியம்' என்னும் சொற்களை வள்ளுவர் நாணயமாக வழங்கியிருக்கிறார். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்னர்க் கிடைக்கும் ஊதியம் எது என மூன்றையும் ஆராய்ந்து செய்யுமாறு பணிக்கிறது. அதே அதிகாரத்தின் மூன்றாங்குறள், வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கச் செய்யும் வினையில் அறிவுடையார் இறங்கார் என்கிறது. இன்றைய நிறும நிதியியல் நூல்கள் பல நூறு பக்கங்களில் விரித்துரைக்கும் முதலீட்டு மதிப்பீட்டின் உயிர்நிலை இவ்விரண்டு குறள்களிலும் அடங்கிக் கிடக்கிறது.

ஆயினும் நம் இல்லங்களில், சிறப்பாக முஸ்லிம் இல்லங்களில், இக்கணக்கு வழக்கில் இல்லை. 'அது வட்டிக் கணக்கு. நமக்கு வேண்டா' என்று ஒதுங்குவோர் ஒரு சாரார். 'ஹலால் என்றார்கள், ஆகவே கொடுத்தோம்' என்று கையிருப்பை முழுதும் தூக்கிக் கொடுப்போர் மற்றொரு சாரார். இருசாராரும் வேறுவேறு திசையில் நிற்பதாகத் தோன்றினும், கணக்கிட மறுத்தல் என்னும் ஒரே வேரினின்று முளைத்தவர்களே. கணக்கிட மறுப்பது பேணுதல் ஆகாது என்பதையும், கணக்கு முதலைக் காக்கும் வேலி என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று வினாக்கள்

எந்த முதலீட்டின் மதிப்பும் மூன்று வினாக்களின் விடையைப் பொறுத்தது. எவ்வளவு வரும்? எப்போது வரும்? எத்துணை உறுதியாக வரும்? அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜான் பர் வில்லியம்ஸ் 1938-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், ஒரு பங்கின் மதிப்பு அது பிற்காலத்தில் தரவிருக்கும் ஆதாயங்கள் அனைத்தின் இன்றைய மதிப்பே என்னும் கொள்கையை முறைப்படுத்தினார். சந்தையில் ஒருவர் கேட்கும் தொகை விலை. அப்பொருள் நமக்கு ஈட்டித்தரும் வரவுகளின் இன்றைய அளவு மதிப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மதிப்பீட்டியலின் தொடக்கம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பூவேலைத் தையல் எந்திரம் ஒன்றின் விலை 1,00,000 ரூபாய். செலவெல்லாம் போக ஆண்டுக்கு 30,000 ரூபாய் கையில் நிற்கும். ஐந்தாண்டில் எந்திரம் தேய்ந்துபோகும் என்று கொள்வோம். மொத்த வரவு 1,50,000 ரூபாய். 'அரை லட்சம் லாபம்' என்று மகிழ்வது இயல்பு. ஆனால், ஐந்தாம் ஆண்டில் வரும் 30,000 ரூபாயும் முதலாண்டில் வரும் 30,000 ரூபாயும் ஒன்றல்ல. அதே பணத்தை வேறொரு நேர்மையான தொழிலில் இட்டால் ஆண்டுக்கு நூற்றுக்குப் 12 கிடைக்குமெனில், முதலாண்டு வரவின் இன்றைய மதிப்பு 26,786 ரூபாய். ஐந்தாமாண்டு வரவின் இன்றைய மதிப்பு 17,023 ரூபாயே. ஐந்தையும் கூட்டினால் 1,08,143 ரூபாய். ஆகவே உண்மையான மிகுதி 8,143 ரூபாய்தான். மாற்றுத் தொழிலில் நூற்றுக்குப் 18 கிடைக்குமெனில், அவ்வரவுகளின் இன்றைய மதிப்பு 93,815 ரூபாயாகக் குறைந்துவிடும். எந்திரம் வாங்குவது இழப்பாகும். எந்திரம் ஒன்றே, விலையும் ஒன்றே, வரவும் ஒன்றே. எதைக் கைவிட்டு இதைக் கொள்கிறோம் என்பதே முடிவை மாற்றுகிறது. இதனையே நூலோர் வாய்ப்புச் செலவு என்பர். அதனை விழுக்காட்டில் எழுதினால் கழிவு வீதம்.

இல்லறக் கணக்குகள்

ஆலைக்கும் நிறுவனத்திற்கும் மட்டுமே உரியது இக்கணக்கு என்று கருதற்க. 5 லட்சத்துக்கு வாங்கிய மனை பன்னிரண்டு ஆண்டில் 10 லட்சத்துக்கு விலைபோயிற்று என்று பெருமை பேசுவாரைக் காண்கிறோம். பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பது ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறுகூட ஆகாது. இதில் பதிவுச் செலவும் தரகும் கழிய வேண்டும். விலைவாசியும் இடையில் ஏறியிருக்கும். அம்மனை பன்னிரண்டாண்டும் வாடகை, விளைச்சல் எதுவும் தராமல் கிடந்தது என்பதையும் எண்ண வேண்டும். மனை வாங்குவது தவறென்பது நம் கருத்தன்று. இரட்டித்தது என்னும் ஒரு சொல் காலத்தை மறைத்துவிடுகிறது என்பதே நாம் சுட்டுவது.

நகைச்சீட்டும் அத்தகையதே. மாதம் 1,000 ரூபாயாகப் பதினொரு மாதம் கட்டினால், கடைக்காரர் ஒரு மாதத் தவணையைத் தாமே சேர்த்து 12,000 ரூபாய்க்கு நகை தருகிறார் என்று கொள்வோம். கட்டிய 11,000 ரூபாய்க்கு 1,000 ரூபாய் மிகுதி என்பது நல்ல ஆதாயமாகவே தோன்றும். ஆனால் செய்கூலியும் சேதாரமுமாக நூற்றுக்குப் 12 சேருமாயின், வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 12,000 ரூபாய் நகையில் அடங்கிய பொன்னின் மதிப்பு 10,714 ரூபாய். கட்டியதைவிடக் குறைவு! அணிவதற்கு நகை வேண்டுமாயின் அச்செலவு எப்படியும் உண்டு. அவர்க்குச் சீட்டு உதவியே செய்கிறது. சேமிப்பென்று கருதிக் கட்டுவோரே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே சீட்டு ஒருவர்க்கு ஆதாயமாகவும் மற்றொருவர்க்கு இழப்பாகவும் இருப்பது நோக்கத்தைப் பொறுத்தது.

கழிவு வீதம் வட்டியா?

இங்கேதான் நம் சமுதாயத்தார் தயங்கி நிற்கின்றனர். காலத்துக்கு விலையிட்டு எண்ணினால் அது ரிபா ஆகிவிடாதா என்பது அவர்தம் வினா. வினா நேர்மையானது, ஆகவே நேர்மையான விடையையும் வேண்டுவது. ரிபா என்பது ஓர் ஒப்பந்தத்தில் கொடுக்கப்படுவதும் வாங்கப்படுவதும் ஆகும். கழிவு வீதமோ நம் மனத்துள் நாம் ஏந்தும் அளவுகோல். அளவுகோலால் எவரிடமிருந்தும் எதையும் நாம் வாங்குவதில்லை. மேலே கண்ட நூற்றுக்குப் 12 என்பதும் கடனுக்குரிய வட்டியன்று. ஒரு தொழிலின் எதிர்பார்ப்பு.

காலத்துக்கு மதிப்புண்டு என்பதை நம் மரபு மறுக்கவுமில்லை. உடன் பணத்துக்கு விற்கும் பொருளைத் தவணைக்கு விற்கையில், தொடக்கத்திலேயே ஒரே விலையாகப் பேசி முடிவுசெய்து, சற்று உயர்ந்த விலைக்கு விற்பதைச் சட்ட அறிஞருள் பெரும்பான்மையோர் ஏற்றுள்ளனர். விற்றுக் கடனான பின், தவணை தவறியதற்காகத் தொகையைக் கூட்டுவதே விலக்கப்பட்டது. அநாதைச் சிறாரின் பொருளை ஜகாத் தின்றுவிடாதவாறு அதனை வணிகத்தில் ஈடுபடுத்துமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்திய செய்தி, இமாம் மாலிக் அவர்கள் தொகுத்த முவத்தாவில் இடம்பெற்றுள்ளது. இதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். 1,00,000 ரூபாயைப் பெட்டியில் பூட்டிவைத்து, ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை வீதம் அதிலிருந்தே ஜகாத் கொடுத்துவந்தால், பத்தாண்டின் இறுதியில் ஏறத்தாழ 77,600 ரூபாயே எஞ்சும். சும்மா கிடக்கும் பணத்துக்குக் காலம் ஒரு செலவைச் சுமத்துகிறது என்னும் உண்மையை, வட்டியின் நிழலும் படாமல் உணர்த்தும் வழிகாட்டுதல் அது.

இன்னும் ஒன்று. வட்டியில்லாக் கடனாகிய கர்ளன் ஹஸனாவை நாம் அறமென்று போற்றுகிறோம். ஒருவர் 1,00,000 ரூபாய் கொடுத்து, ஆண்டுக்கு 20,000 வீதம் ஐந்தாண்டில் திரும்பப் பெறுகிறார். கொடுத்ததும் பெற்றதும் சமம். அப்படியாயின் அவர் செய்த தருமம் எங்கே? நூற்றுக்குப் 12 என்னும் அதே அளவுகோலால் அளந்தால், அவர் பெற்றவற்றின் இன்றைய மதிப்பு 72,096 ரூபாய். எஞ்சிய 27,904 ரூபாயை அவர் தம் சகோதரர்க்கு வழங்கிவிட்டார். காலத்துக்கு மதிப்பில்லையெனில் கர்ளன் ஹஸனாவுக்குச் சிறப்பும் இல்லை. ஆக, கழிவுக் கணக்கு வட்டியின் தோழனன்று. வட்டி வாங்காதவர் செய்த ஈகையை அளந்துகாட்டும் சான்று.

ஹலால் என்னும் முத்திரை

கணக்கைக் கைவிட்டதால் விளைந்த கேட்டுக்கு அண்மைக்காலச் சான்று உண்டு. பெங்களூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஐ.எம்.ஏ. நிறுவனம், வட்டியில்லா, ஹலால் முதலீடு என்னும் பெயரால் பணம் திரட்டி, மாதந்தோறும் ஆதாயம் வழங்கிவந்தது. 2019 ஜூன் மாதத்தில் அது வீழ்ந்தது. அதன் நிறுவனர் துபாய்க்குச் சென்று, அடுத்த மாதம் தில்லிக்குத் திரும்பியபோது கைதானார். பணம் கொடுத்தோர் பல்லாயிரவர். அவருள் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். ஒரு சமுதாயத்துக்கு மட்டும் நேர்ந்த கேடன்று இது. நிதி நிறுவனங்களிடம் மக்கள் ஏமாந்ததால்தான் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2012-இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தன. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்ய நடுவணரசும் 2019-இல் சட்டம் இயற்றியது. சட்டங்கள் வந்தும் கேடு ஓயாதது ஏன்? கையெழுத்திடுமுன் கணக்கிடுவார் இல்லாமையால்.

மாதம் நூற்றுக்கு 3 என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரும் ஆதாயத்தையும் அதிலேயே இட்டால் இரண்டாண்டில் முதல் இரட்டிக்கும். பத்தாண்டில் 1,00,000 ரூபாய் ஏறத்தாழ 34,70,000 ரூபாய் ஆகும். எந்த நேர்மையான வணிகம் இடையறாது இவ்வாறு ஈட்டும்? ஈட்டுமாயின், அவ்வணிகர் நம்முடைய சிறுசேமிப்பைத் தேடி ஏன் வரவேண்டும்? அத்துணை ஆதாயமுள்ள தொழிலுக்குப் பங்காளிகள் வரிசையில் நிற்பார்களே! இவ்வினாக்களுக்கு விடை இல்லாத இடத்தில், பழைய முதலீட்டாளர்க்குக் கொடுப்பது புதிய முதலீட்டாளரின் முதலேயாகும்.

மார்க்கச் சட்டமும் இவ்விடத்தில் கணக்கோடு கைகோத்து நிற்பது கருதத்தக்கது. முதாரபா ஒப்பந்தத்தில் ஒருவர் முதல் இடுவார், மற்றவர் உழைப்பார். லாபத்தை முன்னரே பேசிய விகிதத்தில் பகிர்வர். உழைப்பவர் நெறிதவறாதவரை, நட்டம் முதல் இட்டவரையே சாரும். முதலுக்கு இத்துணை என்று ஆதாயத்தை உறுதிசெய்தால் அவ்வொப்பந்தமே பிழைபட்டதாகும். ஆகவே, மாதந்தோறும் தவறாத ஆதாயம் என்று எழுதித் தருபவர், அது ஹலால் முதலீடு என்றும் சொல்வாராயின், அவர் தம் வாக்கைத் தாமே மறுக்கிறார். ஆதாயம் உறுதியெனில் அது முதாரபா அன்று. முதாரபா எனில் ஆதாயம் உறுதியன்று. மார்க்கம் அறிந்தவர்க்கும் கணக்கு அறிந்தவர்க்கும் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டிய ஐயம் இது.

தமிழ்த்துறையின் கடமை

இவ்வறிவு மக்களைச் சென்றடையாமைக்கு மொழியும் ஒரு காரணம். வாணிகவியல் வகுப்பில் இக்கருத்துகள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. தேர்வு முடிந்ததும் அங்கேயே தங்கிவிடுகின்றன. வீட்டில் அன்னையும் தந்தையும் மனையைப் பற்றியும் மகளின் நகையைப் பற்றியும் மகனின் அயல்நாட்டுப் பயணச் செலவைப் பற்றியும் பேசுவது தமிழில். படித்த மகனிடம் கருத்து உண்டு, சொல் இல்லை. பெற்றோரிடம் சொல் உண்டு, கருத்து இல்லை. இவ்விடைவெளியை நிரப்புவது தமிழ் பயின்றோர் பணியன்றோ? 'இன்றைய மதிப்பு', 'கழிவு வீதம்', 'வாய்ப்புச் செலவு', 'இடர்' என்பன கடினமான சொற்கள் அல்ல. ஒரு முறை விளக்கினால் பள்ளி இறுதி வகுப்பு படித்தவர்க்கும் விளங்கும்.

ஆகவே நாம் மூன்றினை முன்மொழிகிறோம். ஒன்று, தமிழ்த்துறையும் வாணிகவியல் துறையும் கூடி, இல்லற முதலீட்டுக் கணக்குகளை எளிய தமிழில் சிறு நூலாக்க வேண்டும். இரண்டு, ஜமாஅத்துகளின் பைத்துல்மால் நிதியிலிருந்து தையல் எந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கித் தருகையில், எத்தொழில் அக்குடும்பத்தை நிலையாகத் தாங்கும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுத் தர வேண்டும். மூன்று, புதிய திட்டம் எதுவாயினும், பணம் எவ்வழியில் பெருகுகிறது என்பதைத் திட்டக்காரர் எழுத்தில் விளக்காதவரை எந்த மேடையும் எந்த ஆலிமும் அதற்குப் பரிந்துரை வழங்கலாகாது.

மதிப்பீட்டியல் வருவதுரைக்கும் சோதிடமன்று. நாளை மழை பெய்யுமா, எந்திரம் பழுதாகுமா என்பதை அது சொல்லாது. நாம் எதை நம்பிப் பணத்தை இடுகிறோம் என்பதை நமக்கே வெளிப்படுத்திக் காட்டும். அதுவே அதன் பயன். வளைகுடா நாட்டு வெயிலில் நின்று ஈட்டியதும், தாய்மார் அரிசிப்பானையில் சேர்த்ததும் ஆகிய முதல் அது. அம்முதலை அமானிதமாகக் கருதுவோர், கையெழுத்திடுமுன் எவ்வளவு, எப்போது, எத்துணை உறுதி என்னும் மூன்று வினாக்களையும் உரக்கக் கேட்பாராக. கேட்கத் தெரிந்த சமுதாயத்தை ஏமாற்றுவது எளிதன்று.