நிழலின் நிறம் கறுப்பல்ல

1874-ல் சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மாவின் ஓவியம் ஒன்று பரிசு பெற்றது. சரபத் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம். அதே ஆண்டு பாரீஸில் மோனே, ரெனுவார், பெர்த் மோரிஸோ முதலானோர் தங்கள் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். விமர்சகர் ஒருவர் கேலியாகச் சூட்டிய பெயர்தான் 'இம்ப்ரஷனிஸம்'.

ரவி வர்மா எண்ணெய் வண்ணம் கற்றது சுலபமாக அல்ல. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவினார். 1868-ல் வந்த தியடோர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். இன்று ரகசியம் ஏதுமில்லை. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தில் ஒருவர் இம்ப்ரஷனிஸ முறையில் முகம் வரையக் கற்பதாக வைத்துக்கொள்வோம். எதிரே உட்காரக்கூடியவர், கம்பம் பக்கமிருந்து ஜீப்பில் ஏலக்காய் பறிக்க வரும் தமிழ்ப் பெண். பாடப் புத்தகங்களிலோ பெரும்பாலும் வெளுத்த முகங்கள். 'ப்ளெஷ் டின்ட்', அதாவது சதை நிறம், என்று கடைகளில் விற்ற ட்யூபில் இருந்தது இளஞ்சிவப்பு. யாருடைய சதை? கற்பவர் பழுப்பை எடுத்து, நிழலுக்குக் கறுப்பைக் கலக்கிறார். முகம் புகை படிந்த சுவராகிவிடுகிறது.

இங்கேதான் பாரீஸ்காரர்களின் பாடம் உதவும். நிழலுக்குக் கறுப்பைப் பூசுவதை அவர்கள் பெரும்பாலும் தவிர்த்தார்கள். நிழல் என்பது வெளிச்சம் இல்லாத இடமல்ல, வேறு வெளிச்சம் விழும் இடம். ஏலத்தோட்டத்து மர நிழலில் நிற்பவரின் நெற்றியில் வானத்தின் நீலம் இருக்கும். தாடைக்கு அடியில் ஏல இலையின் பச்சை. வியர்த்த கறுத்த தோலில் இந்தப் பளபளப்பு இன்னும் துலக்கமாகத் தெரியும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் மூக்கும் உதடும் மறைந்து நாலைந்து வண்ணத் திட்டுகள் மிஞ்சும். ஈரம் காயுமுன் அவற்றை அடுத்தடுத்து வைக்க வேண்டும். மூக்கும் உதடும் பிறகு தாமே வந்து சேரும்.

ஒரே அமர்வில் முடிக்கலாம் என்பது இம்முறையின் இன்னொரு வசதி. உட்காருபவருக்கு நேரம் என்பது கூலி. அதைக் கொடுத்துவிடுவது நியாயம்.

அழகு என்றால் வெளுப்பு என்று நம் காலண்டர்கள் வெகுகாலம் சொல்லிவிட்டன. சரபத் மீட்டிய பெண் படமாகி 150 ஆண்டு கடந்துவிட்டது. ஏலக்காய் பறிப்பவரும் படமாகட்டும், அவருடைய நிறத்திலேயே.