பனியில் ஓட ஸ்னோஷூ... எடை குறைந்தால் மட்டும் போதுமா?

ஊரே பனியில் மூழ்கிக் கிடக்கும்போதும் ஓட்டத்தை நிறுத்த மனமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு ஓடுவார்கள்! அமெரிக்கா, கனடா, இத்தாலி எனப் பல நாடுகளில் இதற்குப் போட்டிகளே நடக்கின்றன. 2025 மார்ச்சில் இத்தாலியின் துரின் நகரில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் குளிர்கால விளையாட்டில், நம் இந்திய வீரர்களும் ஸ்னோஷூ ஓட்டத்தில் பதக்கம் வென்றார்கள்.

பெயரில்தான் ஷூ இருக்கிறது. உண்மையில் இது, நாம் போட்டிருக்கும் ஷூவுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாது அல்லவா? அதே கணக்குதான்.

எடை ஏன் முக்கியம்?

நடப்பதற்கான ஸ்னோஷூ ஒரு ஜோடி சுமார் 2 கிலோ. பந்தய ஸ்னோஷூ சுமார் 1 கிலோ. அதாவது ஒரு காலுக்கு அரை கிலோ வித்தியாசம். 10,000 அடி ஓடினால் நீங்கள் கூடுதலாகத் தூக்கும் எடை 5,000 கிலோ! முதுகில் சுமக்கும் எடையைவிட, காலில் கட்டிய எடை பல மடங்கு களைப்பைத் தரும்.

லேசானதில் என்ன சிக்கல்?

எடையைக் குறைக்கச் சட்டத்தைச் சிறிதாக்குகிறார்கள். பரப்பு குறைந்தால் தாங்கும் திறனும் குறையும். இறுகிய பாதையில் பறக்கும் பந்தய ஸ்னோஷூ, புதிதாகப் பெய்த பஞ்சுப் பனியில் புதைந்துவிடும். ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். வியர்வையில் நனைந்த உடம்போடு கடுங்குளிரில் வேகம் குறைந்தால், உடல் வெப்பம் மளமளவென இறங்கும். அது உயிருக்கே ஆபத்து.

வாங்கும் முன் கவனியுங்கள்

* பாதை: இறுகிய பனிக்குச் சிறியது, ஆழமான பனிக்குப் பெரியது.

* உடல் எடை: உடை, பை எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள். எடை கூடினால் பரப்பும் கூட வேண்டும்.

* அகலம்: அதிக அகலமாக இருந்தால் கால்களை விரித்து ஓட நேரும். இடுப்பும் முழங்காலும் வலிக்கும்.

* பட்டை: ஓடும்போது ஷூ பக்கவாட்டில் நகரக் கூடாது. கையுறையோடு மாட்டிக் கழற்ற வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

* பற்கள்: அடியில் உள்ள உலோகப் பற்கள்தான் சரிவில் வழுக்காமல் காப்பவை. எடைக்காக இதில் சமரசம் வேண்டாம்.

* போட்டி விதி: அமெரிக்க ஸ்னோஷூ சங்கத்தின் விதிப்படி, பனியில் படும் பரப்பு 120 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மற்ற போட்டிகளின் விதியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் முறை என்றால் உடனே பணத்தைக் கொட்டாதீர்கள். வாடகைக்கு எடுத்து, மேட்டிலும் இறக்கத்திலும் அரை மணி நேரம் ஓடிப் பாருங்கள். ஒரு கணுக்காலில் மற்ற ஸ்னோஷூ இடித்துக்கொண்டே இருந்தால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல.

பனி கொட்டும் நாட்டில் உங்கள் பிள்ளைகளோ நண்பர்களோ இருக்கிறார்களா? சீசன் தொடங்கும் முன் இதை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்!