ஆப்பிள் ஜாடிக்கு லைக், பனங்கலயத்துக்கு கேஸ்

சென்னையில, பெங்களூர்ல இருக்கிற நம்ம பிள்ளைங்க பலபேர் இப்ப வீட்டுலயே ஒயின் போடுறாங்க. ஆப்பிள் சாறு, தேன், கொஞ்சம் யீஸ்ட். கண்ணாடி ஜாடியில அடைச்சு, குமிழ் வருதான்னு தினமும் பார்க்கிறது. தேன்ல போட்டா 'மீட்', ஆப்பிள்ல போட்டா 'சைடர்', ரெண்டும் சேர்ந்தா 'சைசர்'னு பேராம். எங்க சொந்தத்துல ஒரு பையன் போட்டு, படம் அனுப்பினான். பொன் நிறத்துல அழகாத்தான் இருந்தது. அவனைக் குறை சொல்ல வரலை.

ஆனா அதே புளிப்பு விக்கிரவாண்டி பக்கம் பனைமரத்து மேல நடந்தா மட்டும் ஏன் போலீஸ் வருது? என் கேள்வி அதுதான்.

தேன் தானா புளிக்காது. அதுல தண்ணி 20 சதவீதத்துக்கும் கம்மி. தண்ணி ஊத்திக் கரைச்சாத்தான் யீஸ்ட் வேலை செய்யும். ஆப்பிளோ காஷ்மீர்லேர்ந்தும் இமாச்சல்லேர்ந்தும் லாரி ஏறி வரணும். பனைக்கு இந்த வம்பே கிடையாது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினா போதும், காத்துல இருக்கிற யீஸ்ட்டே இறங்கிடும். சில மணி நேரத்துல கள்ளு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிட்டா புளிக்காது, அது பதநீர். அதாவது ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தா அவர் பனைத்தொழிலாளி, இல்லைன்னா குற்றவாளி. எங்க பக்கத்து பனையேறி ஒருத்தருக்கு கலயமும் உடைஞ்சது, கேஸும் விழுந்தது. மரம் என்னவோ மாநில மரம்! வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அறிவிச்சாங்க. வெட்டவும் கூடாது, இறக்கவும் கூடாதுன்னா அந்த மரத்தை வச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்?

1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி பார்த்தா, லைசென்ஸ் இல்லாத உங்க ஜாடியும் குற்றம்தான். ஆனா அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல ஏறி யாரும் அதை உடைக்க வர்றதில்லை.

கள்ளுக்கடையை 1981ல திறந்தாங்க, 1987ல மூடினாங்க. அதுக்கப்புறம் ஊரு குடிக்காம இருந்துச்சா? கள்ளுல ஆல்கஹால் சுமாரா 5 சதவீதம், பீர் மாதிரி. உங்க தேன் ஒயின் 10ஐத் தாண்டும். டாஸ்மாக் பிராந்தி 42.8. அந்த 42.8ஐ வித்து அரசு 2023-24ல 45 ஆயிரம் கோடிக்கு மேல வருமானம் பார்த்தது. கூலிக்காரன் காசும் அதுல இருக்கு. அந்தக் காசுல ஒரு பைசா பனையேறிக்கு வந்திருக்கா?

கள்ளுல கலப்படம் பண்ணுவாங்க, அதான் தடைன்னு சொல்றாங்க. கலப்படம் நடந்தது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. மரத்துலேர்ந்து தூரமா ஏலக்கடைக்குக் கொண்டு போய், நேரமாகி புளிச்சுப்போனதுல மாத்திரையைப் போட்டு வித்தாங்க. அப்ப மரத்தடியிலேயே, அன்னன்னைக்கு இறக்கினதை, மரக்காரனே விக்கட்டும். ஒரு ஆளுக்கு இத்தனை மரம்னு கணக்கு வைக்கட்டும். அதுக்கு அதிகாரிங்க இல்லையா?

மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்துல 2023 மே மாசம் செத்தவங்களும், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில செத்த 60க்கும் மேற்பட்டவங்களும் குடிச்சது கள்ளு இல்லை. மெத்தனால். ஃபேக்டரிக்குப் போற விஷம். கலயத்தை உடைக்க வர்ற ஜீப்பு, அந்த மெத்தனால் வந்த வழியில ஏன் நிக்கலை?

குடி நல்லதுன்னு நான் எழுத வரலை. வீட்டுல குடிகாரன் இருக்கிற பொம்பளைங்க கள்ளும் வேணாம், டாஸ்மாக்கும் வேணாம்னு சொன்னா, அவங்க முன்னாடி நான் வாயைத் திறக்க மாட்டேன். எல்லாத்தையும் மூடுங்க, முதல் ஆளா கையெழுத்துப் போடுறேன். பாட்டிலைத் திறந்து வச்சிட்டு பாளையை மட்டும் கட்டுறதைத்தான் ஏத்துக்க முடியலை.

திண்டிவனத்துலேர்ந்து பாண்டி பஸ்ல ஒரு மணி நேரம். அங்க கள்ளுக்கடை அரசு அனுமதியோட நடக்குது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிக்கிறதும் பனைதான், இந்தப் பக்கம் நிக்கிறதும் பனைதான்.

ஜாடி போடுற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு. உங்க ஜாடி படத்துக்கு ஆயிரம் பேர் லைக் போடுறாங்க. அடுத்த தடவை அதுக்குக் கீழ, இதே வேலையைச் செய்ற பனையேறி மேல ஏன் கேஸ்னு ஒரு வரி கேளுங்க. நாங்க கேட்டா மனுவாப் போய் ஆபீஸ்ல கிடக்குது. நீங்க கேட்டா நியூஸ்ல வரும்.