தபால் கவுன்ட்டர் எடுக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

(இறுதியாண்டு, எந்திரவியல் துறை)



டிப்ளமோ கைக்கு வந்த அடுத்த மாதமே நம் வீடுகளில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். "கம்பெனியில அப்ரன்டிஸா போ" என்பார் அப்பா. "லேட்டரல் என்ட்ரியில பி.இ. சேரு" என்பார் மாமா. "எதுக்குடா ஒருத்தன்கிட்ட கைகட்டி நிக்கணும்? சொந்தமா ஏதாவது பண்ணு!" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். அந்த 'சொந்தமா ஏதாவது' பட்டியலில் இப்போது அடிக்கடி அடிபடுவது தபால் துறையின் பிரான்சைஸ். அதாவது, கமிஷனுக்கு நடத்தும் சின்னத் தபால் நிலையம். "அஞ்சாயிரம் கட்டினா போதும்பா, கவர்ன்மென்ட் போர்டு மாட்டிக்கலாம், மாசம் அரை லட்சம் கொட்டும்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே கடை வைத்திருப்பவருக்கு இது நல்ல துணைத் தொழில். இதை மட்டும் நம்பி, அம்மாவின் நகையை அடகு வைத்துப் புதுக்கடை போடுகிறவருக்கு இது முதலீடே அல்ல, வம்பை விலைக்கு வாங்குவது!

முதலில் இது என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் ஏறத்தாழ 1.64 லட்சம் தபால் நிலையங்கள் உள்ளன. பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இருப்பவை. அப்படியும் நகரை ஒட்டி முளைக்கும் புதுநகர்களில் ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்ப மூன்று கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. புதுத் தபால் நிலையம் திறக்க முடியாத இத்தகைய இடங்களில் தனியார் கவுன்ட்டர் நடத்த அனுமதிப்பதுதான் இத்திட்டம். தபாலைப் பெறுவது, தபால்தலை விற்பது போன்ற வேலைகள் மட்டும் நம்முடையவை. மூட்டையைக் கொண்டுபோவதும் வீட்டுக்கு வீடு கொடுப்பதும் துறையின் ஊழியர்களே.

இதற்கு யாரும் விலை வைத்து விற்க முடியாது. தபால் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பமும் தொழில் திட்டமும் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு, வைப்புத் தொகை கட்ட வேண்டும். பல வருடம் இருந்த விதிப்படி அந்த வைப்பு குறைந்தபட்சம் 5,000 ரூபாய். வயது 18, படிப்பு எட்டாம் வகுப்பு. எனவே இடையில் ஒருவர் வந்து "எனக்கு ஆள் இருக்கு, ஒரு லட்சம் குடு, வாங்கித் தரேன்" என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

"போஸ்ட் ஆபீஸ்ல எப்பவும் கூட்டம் அலைமோதுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அந்தக் கூட்டம் எந்த ஜன்னலில் நிற்கிறது என்று ஒரு தடவை நின்று கவனியுங்கள். பெரும்பாலும் சேமிப்பு ஜன்னலில்தான் நிற்கும். ஆர்.டி. கட்டுகிற அக்கா, செல்வமகள் கணக்குக்கு வந்த அப்பா, மாத வருமானத் திட்டத்தில் வட்டி எடுக்க வந்த பெரியவர்! அந்தக் கணக்குகள் துறையிடமே இருக்கின்றன. பிரான்சைஸ் கவுன்ட்டருக்குச் சேமிப்பு ஜன்னல் கிடையாது. ஜனங்கள் தபால் ஆபீஸை நம்பிக் கட்டுகிற பணத்தில் ஒரு பைசா கமிஷன்கூட நமக்கு வராது.

இனி கணக்குக்கு வருவோம். 'பிரேக் ஈவன்' கணக்கைப் பரீட்சைக்கு மட்டும் படித்தால் எப்படி? நீண்டகாலமாக இருந்த விகிதப்படி ஒரு ஸ்பீட் போஸ்ட்டுக்குக் கமிஷன் 5 ரூபாய். பதிவுத் தபாலுக்கு 3 ரூபாய். தபால்தலை விற்பனையில் நூற்றுக்கு 5. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே தபாலுக்கு 5 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சிறு நகரில் தனியாகக் கடை எடுக்கிறோம். வாடகை 4,000, கரன்ட், இன்டர்நெட் 1,500, உதவிக்கு ஒருவர் 8,000. மொத்தம் 13,500 ரூபாய். இதை ஐந்தால் வகுத்தால் மாதம் 2,700 தபால். 26 வேலை நாளுக்கு, நாளொன்றுக்கு 104 தபால்! எண்ணிக்கை கூடியதற்காகக் கூடுதல் கமிஷன் கிடைத்து, தபாலுக்கு 6 ரூபாய் வந்தாலும் தினம் 87 தபால் வேண்டும். இதெல்லாம் நஷ்டம் வராமல் இருக்க மட்டும்தான். நீங்கள் சாப்பிடுவதற்கு இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. உங்களுக்கு 15,000 சம்பளம் வேண்டுமென்றால், ஐந்து ரூபாய் கணக்கில் தினம் ஏறத்தாழ 220 தபால்! புதுநகர்த் தெருமுனையில் இத்தனை தபால் எங்கிருந்து வரும்?

அதே கவுன்ட்டரைக் கோர்ட் வாசலில் ஏற்கெனவே ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒருவர் எடுத்தால்? வாடகை, ஆள் கூலி எல்லாம் முன்பே கொடுப்பவைதான். வக்கீல் குமாஸ்தாக்கள் நோட்டீஸை அங்கேயே நகலெடுத்து, கவர் வாங்கி, அங்கேயே அனுப்புவார்கள். தினம் 30 தபால் என்றாலும் மாதம் 3,900 ரூபாய். ஜெராக்ஸ் வருமானமும் கூடும். காலேஜ் பக்கத்து ஸ்டேஷனரி கடை, சேலை சுங்குடி என்று ஆன்லைனில் விற்பவர்கள் நிறைந்த ஊரின் பேக்கிங் கடை, இவர்களுக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். தினம் நூறு பார்சல் போடுகிற பெரிய வியாபாரி நேராகத் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். நம்மிடம் வருவது சில்லறை வாடிக்கையாளர்தான்.

கமிஷனைவிட முக்கியமான ஒன்று, ஒப்பந்தம். நாம் வசூலிக்கும் காசு நம் காசல்ல. ஒழுங்காகத் துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். குறைந்தால் யார் பொறுப்பு? இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் ஒரு பாடம். அங்கே தபால் கவுன்ட்டரோடு கடையையே விலைக்கு வாங்குவது வழக்கம். ஆலன் பேட்ஸ் என்பவர் 1998-இல் வேல்ஸ் பகுதியின் லாண்டட்னோவில் அப்படித்தான் சொந்தப் பணத்தைப் போட்டார். சில வருடங்களில் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் முறை, நடக்காத பணக் குறைவைக் கணக்கில் காட்டத் தொடங்கியது. கவனக்குறைவால், பிழையால் வரும் நஷ்டத்துக்குக் கவுன்ட்டர் நடத்துபவரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் சொன்னதே வேதம் என்று நிர்வாகம் நின்றது. கட்ட மறுத்த பேட்ஸின் ஒப்பந்தத்தை 2003-இல் முறித்தார்கள். வேறு பலர் சேமிப்பைக் கரைத்துக் கட்டினார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டார்கள்!

பேட்ஸும் தோழர்களும் சேர்ந்து வழக்காடி, கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று 2019-இல் தீர்ப்பு வாங்கினார்கள். 2024-இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் உருக்குலைந்துவிட்டன! நம் நாட்டில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் காட்டும் தொகையோடு நமக்குத் தகராறு வந்தால் யார் சோதிப்பார், யாரிடம் முறையிடலாம் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் ரசீது எடுத்துத் தனி நோட்டில் வரவு செலவு எழுதி வையுங்கள். பழைய நாடார் கடைக் கணக்குப் பிள்ளையின் நோட்டு இன்றைக்கும் ஒரு கவசம்தான்.

துறைக்கும் ஒரு வேண்டுகோள். வாடகையும் கூலியும் வருஷா வருஷம் ஏறுகின்றன. கமிஷனை இத்தனை ரூபாய் என்று அப்படியே நிறுத்தி வைத்தால் கவுன்ட்டர் நடத்துபவர் எத்தனை நாள் தாங்குவார்? தபால் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்தால் கட்டணம் ஏறும்போது அவர் கூலியும் ஏறும். அரசு கடை திறக்க முடியாத தெருவில் அரசின் வேலையைச் செய்பவருக்கு அந்த நியாயம் வேண்டாமா?

தோழர்களே! ஆசை இருந்தால் ஒரு வாரம் ஒதுக்குங்கள். எடுக்க நினைக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் தபால் அனுப்ப மட்டும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். அதில் எத்தனை பேர் உங்கள் கடைக்குத் திரும்புவார்கள் என்று பாதிக்குப் பாதி குறைத்தே மதிப்பிடுங்கள். கோட்ட அலுவலகத்தில் இன்றைய கமிஷன், வைப்புத் தொகை விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். கடைசியாக ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். கணக்கு ஒத்துவந்தால் தைரியமாக எடுங்கள். ஒத்துவராவிட்டால் அந்தப் பணம் வேறு நல்ல வேலைக்கு ஆகும். ஆழம் பார்த்துக் காலை விடுவோம்!