டாக்டர் பதில்கள்: துளை போட்டுத்தானே ஆபரேஷன்... வயிற்றைத் திறக்க ஏன் கையெழுத்து?

“என் அம்மாவுக்கு வயது 58. பித்தப்பையில் கல் இருப்பதால், கடந்த ஆறு மாதங்களில் மூன்று முறை கடுமையான வயிற்றுவலி வந்துவிட்டது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். ஆனால், ‘தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யவும் சம்மதம்’ என்று கையெழுத்து கேட்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா, ‘ஆபரேஷனே வேண்டாம்’ என்கிறார். என்ன செய்வது?”

- ஒரு வாசகி, திண்டுக்கல்

அம்மாவின் பயம் நியாயமானதுதான். ஆனால், அவரைப் பயமுறுத்தும் அந்த வரி, அவருடைய பாதுகாப்புக்காகவே இருக்கிறது.

லேப்ராஸ்கோப்பியில் முழு மயக்கம் கொடுத்தபின், தொப்புள் அருகே சுமார் 1 செ.மீ. அளவில் துளையிட்டு, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்துவார்கள். வயிறு கூடாரம்போல உயர்ந்து, கருவிகள் இயங்க உள்ளே இடம் கிடைக்கும். இந்த வாயு தீப்பிடிக்காது. ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும். கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்தபடி, மேலும் இரண்டு மூன்று சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைத்து, கல்லோடு பித்தப்பையையும் சேர்த்து அகற்றுவார்கள். கல்லை மட்டும் எடுத்தால் மறுபடியும் உருவாகலாம். பித்தப்பை இல்லாவிட்டாலும், கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்விடும் என்பதால் செரிமானம் நடக்கும்.

வயிற்றுத் தசைகளை நீளமாக வெட்டாததால் வலி குறைவு. தையலில் சீழ் பிடிப்பதும், பிற்காலத்தில் அந்த இடத்தில் குடலிறக்கம் வருவதும் குறைவு. பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள்.

அப்படியானால் அந்தக் கையெழுத்து எதற்கு? பித்தப்பை அடிக்கடி வீங்கினால், சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது எது பித்தப்பையின் குழாய், எது கல்லீரலிலிருந்து வரும் முக்கியக் குழாய் என்பது திரையில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். முக்கியக் குழாயில் காயம்பட்டால் பெரிய சிக்கல். அந்த நேரத்தில் வயிற்றைத் திறப்பது தோல்வி அல்ல, நிதானம். ஒவ்வொரு முறை வீக்கம் வரும்போதும் இந்த ஒட்டுதல் கூடும். அதாவது, அம்மா எதற்குப் பயந்து தள்ளிப்போடுகிறாரோ, தள்ளிப்போட்டால் அதற்கான வாய்ப்புதான் அதிகமாகும்.

சர்க்கரை, இதயநோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை பற்றியெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றில் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. ஆனால் காய்ச்சல், நிற்காத வாந்தி, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள் நிறம் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று... டாக்டரைப் பார்க்கும்போது நீங்களே பேசி முடித்துவிடாதீர்கள். “எந்த நிலையில் வயிற்றைத் திறப்பீர்கள் டாக்டர்?” என்று அம்மாவே கேட்கட்டும். அவர் வாயால் கேட்டுப் பதில் தெரிந்துகொண்டால், பாதி பயம் அங்கேயே போய்விடும்.