பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்



எந்தப் பத்திரிகை கைக்கு வந்தாலும் எம்மவர்களுள் மூத்தோர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தையே. உலகச் செய்தியும் நாட்டு நிலைமையும் பொறுத்திருக்கும். மரண அறிவித்தல் பொறுத்திராது. இக்காலத்தில் சாவுச் செய்தி கைத்தொலைபேசியில் சில நிமிடங்களுக்குள் வந்துவிடுகிறது. ஆயினும் அச்சில் கண்ட பின்னரே ஒருவர் மறைந்ததை எமது மனம் ஏற்கிறது. இது பழக்கத்தினால் வந்தது என்று இளையோர் சிரிப்பர். சிரிக்கட்டும்.

அவ்வறிவித்தலின் வாசகத்தை நாம் அனைவரும் மனப்பாடமாக அறிவோம். யாழ்ப்பாணத்தின் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனி வால்டோர்ஃபை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதியில் இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும் ஆவார். பின்பு பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள். அடியிலே தொலைபேசி இலக்கங்கள்: ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், கனடா, இலங்கை. ஒரு குடும்பம் எவ்வாறு சிதறியது என்பதை அறிய அவ்விலக்கங்களே போதும். ஆனால் பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் இடையில் அம்மனிதர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதற்கு அங்கே ஒரு சொல்லேனும் இல்லை.

சென்ற ஆண்டில் எமது வட்டாரத்தில் மறைந்த ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். பெயரைத் தவிர்க்கிறோம், அவர் விளம்பரத்தை விரும்பியவர் அல்லர். நாமெல்லாம் அவரை 'அண்ணை' என்றே அழைத்தோம், எம்மினும் மூத்தோரும் அவ்வாறே அழைத்தனர். 1984 இல் வந்தவர். அந்நாளில் வந்த பலரையும் போலக் கிழக்கு பெர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தவர். 1985 இல் அவ்வழி அடைக்கப்பட்டது என்பதை அக்காலத்தவர் மறந்திரார். பின்பு இப்பகுதி அகதிகள் விடுதிக்கு அனுப்பப்பட்டார். நாம் 'கைம்' என்று சொல்லிப் பழகிய அவ்விடத்தில் ஓர் அறையில் ஆறு பேர். வந்தவர்களுள் முதலில் டொச்சு எழுத்துக் கூட்டப் பழகியவர் அவரே என்பதால், எல்லாருடைய கடிதங்களும் அவரிடம் வந்தன. விடியும்வரை அகராதியைப் புரட்டி, 'இது பயப்பிடுற கடிதமில்லை, நித்திரை கொள்ளுங்கோ' என்று சொல்லி அனுப்புவார். பயப்படவேண்டிய கடிதமாயின் காலையிலேதான் சொல்வார். நாம் இதைப் பின்னரே அறிந்தோம்.

அந்நாளில் அகதி விண்ணப்பதாரர் தமக்குரிய மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். வேறு நகரில் எமது ஊரவர் ஒருவர் இறந்தபோது, அண்ணை எட்டுப் பேருக்காக விண்ணப்பம் எழுதினார். சீட்டுக் கையில் கிடைத்தபோது தகனம் முடிந்து இரண்டு நாட்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அன்றிரவு விடுதியின் சமையலறையில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, தேவாரம் தெரிந்த ஒருவர் பாட, மற்றவர்கள் நின்றோம். எட்டுப் பேரில் மூவர் கிறிஸ்தவர்கள், அவர்களும் நின்றனர்.

பிற்காலத்தில் அண்ணை விமான நிலையத்தில் வேலை செய்தார். பயணிகளின் உணவுத் தட்டுக்களைக் கழுவும் கூடத்தில் இரவுமுறை. இருபதாண்டுகளுக்கு மேல். தாம் வந்திறங்கிய நாடு எப்படியிருக்கிறது என்று பகலில் பார்க்க நேரமில்லை என்பார்.

அவர் மறைந்த மூன்றாம் நாள் அவருடைய மகள் எம்மிடம் வந்தார். பிள்ளை இங்கே பிறந்து வளர்ந்து, நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். "மாமா, அப்பா பெர்லினாலையோ வந்தவர்? எந்த வருசம்? ஒருநாளும் எங்களுக்குச் சொல்லேல்லை" என்று கேட்டார். கையிலே எழுதுவதற்கு ஒரு கொப்பி. எமக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது ஆண்டுகள் கூட இருந்த எம்மாலும் அரைவாசியைத்தான் சொல்ல முடிந்தது. ஊரில் அவர் ஆசிரியராக இருந்தாரா, ஆசிரியப் பயிற்சிக்குப் போகவிருந்தாரா என்பதில் எமக்குள்ளேயே மூன்று கருத்துக்கள்.

எமது முன்னோர் இவ்விடயத்தில் எம்மைவிடக் கவனமாக இருந்தனர். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தோர் கையில் 'கல்வெட்டு' என்னும் சிறு நூலைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். கல்லில் வெட்டியதன்று, தாளில் அச்சிட்டதே. பெயர் மட்டும் அப்படி நின்றுவிட்டது. இறந்தவருடைய ஊர்ச் சிறப்பு, மரபு, கல்வி, தொழில், மணம், மக்கள், நோயுற்ற விதம், ஒவ்வொரு உறவினரும் புலம்புவதாக அமைந்த பாடல்கள், இறந்த திதியை வெண்பாவில் சொல்லும் திதி நிர்ணயம், வம்சாவளி என அதிலே யாவும் இருக்கும். ஊர்ப் புலவர் ஒருவர் ஒரே இரவில் பாடிக் கொடுப்பதும் உண்டு. புகழ்ச்சி மிகுதி என்பது உண்மையே. எக்கல்வெட்டிலும் கஞ்சனையோ முன்கோபியையோ நாம் கண்டதில்லை. ஆயினும் ஒரு விவசாயி எந்தத் தோட்டத்தில் எதைப் பயிரிட்டார், யாரிடம் படித்தார் என்ற செய்தி வேறெங்கும் எழுதப்படவில்லை, அங்கேதான் எழுதப்பட்டது. ஊர் வரலாறு எழுத முற்பட்டோர் இன்றும் அவற்றைத் தேடுகின்றனர்.

அவற்றுட் பல எங்கே போயின என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு யூன் முதலாம் திகதி அதிகாலை யாழ். பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன்பின் வீடு வீடாக, இடப்பெயர்வு இடப்பெயர்வாக, அலுமாரிகளும் றங்குப் பெட்டிகளும் அழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலக முயற்சி, கிடைத்த நினைவுமலர்களையும் கல்வெட்டுக்களையும் மின்வடிவாக்கி எவரும் பார்க்க வைத்துவருகிறது. புலம்பெயர்ந்தோர் வீடுகளிலிருந்து சென்ற பிரதிகளும் அவற்றுள் உண்டு. சாமிப்படத்துக்குப் பின்னால் ஒன்றை வைத்திருப்போர் எம்மிடையே இன்னும் இருக்கக்கூடும்.

எமது பகுதியில் மறைந்த ஓர் ஆச்சியின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினர். வெண்பா பாட ஆளில்லை. பதினேழு வயதுப் பேரன் டொச்சு மொழியில் இரண்டு பக்கம் எழுதினான். ஆச்சி பேருந்தில் ஏறி, தமக்குத் தெரிந்த ஒரேயொரு டொச்சு வாக்கியத்தை எல்லாருக்கும் சொன்னது, குளிர்காலத்தில் யன்னலோரம் கறிவேப்பிலைச் செடியைப் போர்த்து வைத்தது, ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்றே பேசியது. தமிழில் இல்லையே என்று முதலில் முகஞ்சுளித்தோர் பட்டியலில் நாமும் இருந்தோம். ஒருவர் மொழிபெயர்த்து வாசித்தபோது மண்டபத்தில் சத்தமில்லை. நாம் படித்த கல்வெட்டுக்களுள் பொய் கலவாதது அதுவே.

இனி, நாம் வாழும் இவ்வூரைப் பற்றி. ஜேர்மனியில் இப்பெயருடைய ஊர்கள் வேறும் உண்டு. நாம் சொல்வது பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு அருகே, 1977 முதல் மேர்பெல்டனுடன் ஒரே நகராக இணைந்திருக்கும் வால்டோர்ஃப். இதை 1699 இல் நிறுவியோரும் அகதிகளே. தமது மத நம்பிக்கைக்காக ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து துரத்தப்பட்ட வால்டென்சியர் என்னும் கிறிஸ்தவக் குடிகளுக்கு ஹெசன்-டாம்ஸ்ராட் சிற்றரசர் இங்கே நிலம் கொடுத்தார். அவர்களுடைய பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் இன்றும் இவ்வூர்த் தெருப் பலகைகளிலும் கல்லறைகளிலும் காணப்படுகின்றன. மொழி போய்விட்டது; பெயர் நின்றிருக்கிறது.

இவ்வூருக்கு இன்னொரு நினைவும் உண்டு. அதை நாம் வந்து பல ஆண்டுகள் கழிந்தே அறிந்தோம். 1944 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஹங்கேரிய யூதப் பெண்கள் 1,700 பேர் அவுஷ்விற்ஸ் முகாமிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டனர். பலர் பதின்ம வயதினர். விமான நிலையத்தை அடுத்த காட்டில் வதைமுகாம் அமைத்து, ஜெற் போர்விமானங்களுக்கான ஓடுபாதையை அமைக்கும் வேலையில் அவர்களை வருத்தினர். நவம்பரில் முகாம் மூடப்பட்டு, எஞ்சியோர் றாவென்ஸ்பிறுக் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். போர் முடிந்தபோது உயிருடன் இருந்தோர் சில நூறு பேரே. பின்பு காடு வளர்ந்தது. ஊர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைப்பற்றிப் பேசவில்லை. 1970களில் இவ்வூர் இளைஞர் சிலர் கேள்வி கேட்கத் தொடங்கிய பின்னரே நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. பின்னர் உயிர்தப்பியோரைத் தேடிக் கண்டுபிடித்தனர். 2000 ஆம் ஆண்டில் முகாம் இருந்த காட்டில் விளக்கப் பலகைகளுடன் ஒரு நடைபாதை திறக்கப்பட்டபோது, முதியவர்களாகிவிட்ட அப்பெண்களுள் சிலர் வந்து நின்றனர். அவர்களுள் ஒருவரான மார்கிற் ஹோர்வாத்தின் பெயரில் 2004 இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் மண்ணைத் தோண்டி, சமையற்கொட்டகையின் நிலக்கீழறைச் சுவர்களை வெளிக்கொணர்ந்தனர்.

அண்ணை இரவில் வேலைக்குப் போன விமான நிலையமும் அதுதான். அவரிடம் ஒருமுறை இதைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்து, "அந்தப் பிள்ளையளின்ரை பேர் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

பெயர் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எம்மவர் பத்திரங்களில் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்பட்டுவிட்டது. ஆதலால் இந்நாட்டுக் கல்லறைப் பலகையில் பெரிய எழுத்தில் நிற்பது இறந்தவருடைய தகப்பனார் பெயர். ஊரை விட்டே போகாத, இந்நாட்டைக் கண்டிராத ஒருவருடைய பெயர். இறந்தவரை நாம் அழைத்த பெயர் அதன்கீழ்ச் சிறிதாகவோ, இல்லாமலோ இருக்கும். மரணத்தைப் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க மூன்று வேலைநாட்களே உண்டு. அவ்வவசரத்தில் எவரும் இதை நினைப்பதில்லை. பலகை செய்வோரிடம் இரண்டு பெயரையும், ஊரின் பெயரையும் தமிழெழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

கிரியைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அஞ்சலி மண்டபம் குறித்த நேரத்துக்கே தரப்படுகிறது. சுண்ணம் இடிப்பதும் வாய்க்கரிசியும் அதற்குள் முடியவேண்டும். ஆனால் சாம்பல் பற்றிய சட்டத்தை அறிந்திருத்தல் நன்று. ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அதனை வீட்டில் வைத்திருக்கவோ ஆற்றில் கரைக்கவோ இயலாது; மயானத்தில் அடக்கவேண்டும், அல்லது உரிய பத்திரங்களுடன் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லலாம். கீரிமலைக்கு எடுத்துச் செல்வோர் உளர். 1990க்குப் பின் நெடுங்காலம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டிருந்ததனால் அவ்வாறு செய்ய வழியில்லாதிருந்தோரும் உளர். அயலிலுள்ள றைன்லாண்ட்-பால்ஸ் மாநிலம் 2025 இல் இயற்றிய சட்டம், அங்கு வசித்தோரின் சாம்பலை றைன் போன்ற பேராறுகளில் சேர்க்க இடமளிக்கிறது. ஆறு ஒன்றே, நாம் வாழும் கரையில் சட்டம் வேறு.

கல்லறைக்கும் இங்கே தவணை உண்டு. ஊருக்கு ஊர் வேறுபடினும், பெரும்பாலும் 15 முதல் 30 ஆண்டுகள். போரிலும் கொடுங்கோன்மையிலும் பலியானோரின் கல்லறைகளுக்கு மட்டும் நிரந்தர உரிமையைக் கூட்டாட்சிச் சட்டம் வழங்குகிறது. 1990களில் இங்கே குழந்தையை, கணவனை, தகப்பனை அடக்கியோருக்குத் தவணை முடிகிறது என்ற கடிதங்கள் வரும் காலம் இது. அக்கடிதத்தை வாசித்து விளக்க அண்ணை இல்லை. சாதாரணக் கடிதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சில கல்லறைகளுக்குப் பணஞ்செலுத்தித் தவணையை நீடிக்கலாம், சிலவற்றுக்கு இயலாது. நீடிக்க இயலாதவிடத்து, கல்லையாவது எடுத்துக்கொள்ள முடியுமா என்று திகதிக்கு முன்னர் மயான நிருவாகத்திடம் கேளுங்கள். குறைந்தது ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அண்ணையின் மகள் அந்தக் கொப்பியை இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவருடன் கைமில் இருந்தோர், பெர்லின் வழியாக ஒன்றாக வந்தோர், விமான நிலையத்தில் இரவுமுறை செய்தோர் எவராயினும் தமக்குத் தெரிந்ததை எழுதி இப்பத்தியின் பெயருக்கு அனுப்பினால் நாம் அவரிடம் சேர்ப்போம். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் எந்தப் பனிக்காலம் என்றாவது குறிப்பிடுங்கள். அண்ணையின் பழைய சப்பாத்துப் பெட்டியொன்றிலிருந்து அந்த எட்டு அனுமதிச் சீட்டுக்களுள் ஒன்று கிடைத்திருக்கிறது. அதிலுள்ள பெயர் அவருடையதன்று. உரியவர் இதைப் படித்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம்.